ஏழில் ஆறு

"இந்தப் பையன் தேறுவானா, மேடம்?"

ஐந்து நாட்களாக நந்தகோபால் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். காலையில் இட்லி சாப்பிடும்போது கேட்டான். மைதானத்துக்கு நடக்கும்போது கேட்டான். ஆட்டம் முடிந்து ஜனங்கள் கலைகிறபோது கேட்டான். கேள்வி மாறவில்லை. குரல்தான் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே வந்தது.

பெர்னதெத் மேடம் ஐந்து நாட்களும் பதில் சொல்லவில்லை. வறுத்த வேர்க்கடலையை உடைத்து, தோலை ஊதி, பருப்பை வாயில் போட்டுக்கொண்டார். சில சமயம் அவனுக்கும் இரண்டு கொடுத்தார். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மேடத்துக்கு அறுபத்துநான்கு வயது. ஒரு காலத்தில் மாநில மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவர். இப்போது சென்னையில் ஒரு தொழில்முறை அணிக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். நந்தகோபால் அவருடைய உதவியாளன். வயது நாற்பத்தொன்று. முன்பு ஒரு வங்கி அணியில், தூரத்தில் நின்று கூடையில் போடுவதற்கென்றே வைத்திருந்த ஆள். இடது முழங்கால் போனதும் ஆட்டமும் போனது. ஆறு வருடமாக மேடத்தின் பின்னால் ஊர் ஊராகச் சுற்றுகிறான். இத்தனை வருடத்தில் கற்றது என்ன என்று யாராவது கேட்டால், கடலை உடைப்பதைத்தான் சொல்ல முடியும் என்பது அவன் அபிப்பிராயம்.

இந்த வருடம் மேடம் ஒரு காரியம் செய்துவிட்டார். "இனிமே அறிக்கையில உன் கையெழுத்துதான்" என்று சொல்லிவிட்டார்.

நந்தகோபாலுக்கு அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. போன வருடம் அவன் பிடிவாதம் பிடித்து ஒரு பையனை எடுக்க வைத்திருந்தான். கார்முகிலன் என்று பெயர். ஒரே ஆட்டத்தில் முப்பத்தெட்டு பாயின்ட் போட்டவன். அவன் நந்தகோபாலின் பேச்சை நம்பி, கிடைத்திருந்த போலீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தான். ஆறே வாரத்தில் அணி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. எப்போதாவது போன் செய்வான். திரையில் அந்தப் பெயர் தெரிந்தால் நந்தகோபால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். வெட்கக்கேடுதான். ஆனால் எடுத்தால் என்ன பேசுவது?

இந்த முறை ஆனைப்பட்டிக்கு வந்திருந்தார்கள். மலையடிவாரத்து ஊர். வாழை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் கோர்ட், ஒரு பக்கம் படிப்படியாகக் கேலரி. கோடை வந்தால் அங்கே ஒரு வாரம் போட்டி நடக்கும். ஊரே வந்து உட்காரும்.

பார்க்க வந்தது நவநீதனை. பத்தொன்பது வயது, ஐந்தடி ஆறு அங்குலம். ஊர் அணிக்குப் பாயின்ட் கார்டு. அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிற ஆள். அவனைப் பற்றி நோட்டில் எழுத நந்தகோபால் பக்கம் பக்கமாக இடம் விட்டிருந்தான். பக்கங்கள் அப்படியே இருந்தன.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ஆரம்பித்தான்.

"நாலு பாயின்ட்தான் மேடம் போட்டிருக்கான்."

"ம்."

"டர்ன்ஓவர் ஏழு. ஏழு தடவை பந்தை எதிராளிகிட்ட விட்டிருக்கான்."

"இவனா விட்டான்?"

"இல்ல, இவன் குடுத்தது சரியாத்தான் போச்சு. அந்த நெட்டைப் பையன் வாங்காம விட்டுட்டான். ஆனா கணக்குல இவன் பேர்லதான் ஏறும்."

"அப்ப கணக்கையே கேளு. என்னை ஏன் கேக்குற?"

நந்தகோபால் நோட்டை மூடினான். திரும்பத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணு பிடிபடவே மாட்டேங்குது மேடம். மூணு ஆட்டமும் ஜெயிச்சிருக்காங்க. யாரால ஜெயிக்கிறாங்கன்னு தெரியல. செவ்வாக்கிழமை அந்த நெட்டை பிரமாதமா ஆடுனான். புதன்கிழமை கண்ணாடி போட்ட பையன். நேத்து யாருன்னே தெரியாத ஒருத்தன் எழுந்து வந்து இருபது போட்டான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தன் நல்லா ஆடுறான். இவன் மட்டும் ஒரு நாளும் ஆடல."

மேடம் அவனை நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவன் பேனாவை எடுத்தான்.

"இது சொத்தை," என்று வாயிலிருந்த கடலையைத் துப்பினார்.

சனிக்கிழமை மதியம், ஆட்டம் முடிந்த கையோடு ஒரு பெண்மணி கேலரிக்குக் கீழே வந்து நின்றார். தலையில் வாழையிலைக் கட்டு. அதை இறக்கிப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மெட்ராஸ்லருந்து பிள்ளையப் பாக்க வந்தவுக நீங்கதான சார்?"

"ஆமாம்மா."

"நான் நவநீதனோட அம்மா. பேச்சியம்மாள். அவனுக்கு விளையாட்டுக் கோட்டாவுல ரயில்வேலருந்து ஆர்டர் வந்திருக்கு. திங்கக்கிழமை காலையில போயிச் சேரணும். சேரலன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"சேரச் சொல்லுங்க. நல்ல வேலைதானே."

"நானும் அதத்தான சொல்றேன். அவன் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறான். வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா பேசாம ரயிலேறிருவான். வேணும்னாலும் சொல்லுங்க, நான் மறிக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லணும்ல?"

"நாளைக்குச் சொல்லிடுறேம்மா."

"முந்தாநேத்தும் இதத்தான் சொன்னீகளாம்."

நந்தகோபால் நோட்டின் காலிப் பக்கத்தைப் பார்த்தான்.

"என்னத்துக்கு சார் பிள்ளைய இப்பிடி அந்தரத்துல தொங்க விடுறீக? மூணு நாளா அவன் சோறு திங்கல."

பேச்சியம்மாள் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நந்தகோபாலுக்குக் கார்முகிலனின் அம்மாவை நேரில் பார்த்தது போல இருந்தது. அவரை அவன் பார்த்ததே கிடையாது.

அவன் மேடத்தின் பக்கம் திரும்பினான். ஆறு வருடத்து எரிச்சல் மொத்தமாக வாய்க்கு வந்துவிட்டது.

"கேட்டீங்கல்ல? அந்தம்மா கேக்குறது நியாயம்தானே? நானும் அதையேதான் உங்ககிட்டக் கேக்குறேன். ஆறு வருஷமா உங்க பின்னாடி சுத்துறேன் மேடம். ஒரு தடவையாவது நேரா பதில் சொல்லியிருக்கீங்களா? எதைப் பாக்கணும்னு கேட்டா பாருங்கிறீங்க. எப்படிப் பாக்கணும்னு கேட்டா நல்லாப் பாருங்கிறீங்க. எனக்குக் கண்ணே பூத்துப் போச்சு. அவன் போடுற ஷாட்டை எண்ணிட்டேன். ஓடுற ஓட்டத்தை அளந்துட்டேன். உயரம் பாத்தாச்சு, கை நீளம் பாத்தாச்சு. இன்னும் என்னதான் பாக்கணும்? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அறிக்கை போகணும். கையெழுத்து என்னுது. தப்பாச்சுன்னா போறது ஒரு வீட்டுப் பிழைப்பு. நீங்க என்னடான்னா கடலை தின்னுக்கிட்டு இருக்கீங்க."

மேடம் கையிலிருந்த பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஷூ கொண்டு வந்திருக்கியா?"

"என்னது?"

"ஷூ. கால்ல போடுறது."

"வாக்கிங் போற ஷூ இருக்கு."

"காலைல ஆறரைக்குப் போட்டுக்கிட்டு வா."

ஞாயிறு மாலை இறுதி ஆட்டம். அதற்காகக் காலையில் ஊர் அணிப் பையன்கள் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நந்தகோபால் போய்ச் சேர்ந்தபோது மேடம் அவர்களுடைய கோச்சிடம் ஏதோ பேசி முடித்திருந்தார். நவநீதன் இருந்த பக்கத்தில் ஆடிய கண்ணாடிப் பையன் வெளியே வந்து, தன் பனியனைக் கழற்றி நந்தகோபாலிடம் நீட்டினான்.

"மேடம், விளையாடாதீங்க."

"நீதான் விளையாடணும். பத்து நிமிஷம்."

"என் முட்டி…"

"பத்து நிமிஷம்தான்."

"எட்டு வருஷமா பந்தைத் தொட்டதில்ல மேடம்."

"அந்தப் பையன் எப்படின்னு தெரியணும்னு நீதான கேட்ட? அஞ்சு நாளா மேல உக்காந்து பாத்த, தெரியல. உள்ள போய்ப் பாரு."

பனியன் தொப்பையில் நின்றுவிட்டது. பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். நந்தகோபால் மனதுக்குள் மேடத்தைத் திட்டிக்கொண்டே கோர்ட்டை நோக்கி நடந்தான்.

கோர்ட் ஓரத்தில் விளக்குக் கம்பத்துக்கு அடியில் ஓர் ஈரச் சாக்கு விரித்திருக்கும். மார்க்கெட்டிலிருந்து வாழைச் சருகுத் தூசி பறந்து வந்து சிமென்ட் தரையில் படியும், கால் வழுக்கும். அதனால் உள்ளே போகிற யாரும் சாக்கில் நின்று ஷூவின் அடியைத் தேய்த்துக்கொண்டுதான் போவார்கள். அந்த ஊர் வழக்கம். நந்தகோபாலும் இடது ஷூவைத் தேய்த்தான். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வலது ஷூவைத் தேய்த்தான். உள்ளே போனான். ஓடுவதற்குப் பயந்து, வலது மூலையில் போய் ஒதுங்கி நின்றுகொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. அவன் பந்தை எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் அது வந்தது. மார்புக்கு நேராக, இரண்டு கையிலும் வந்து உட்கார்ந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. யோசிக்க நேரமில்லாமல் எறிந்தான். வளையத்தைக்கூடத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

பழைய சத்தம். நந்தகோபால் தன் கைகளைப் பார்த்தான்.

இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது வெளியே நின்ற பையன்கள் கைதட்டினார்கள். நான்காவதுக்கு அவனே கையை உயர்த்திப் பந்தைக் கேட்டான். ஐந்தாவதில் எதிராளி ஒருவன் ஓடி வந்தான், அவன் வருவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருந்தது. ஆறாவது விழுந்ததும் நந்தகோபாலுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. எட்டு வருடம். முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், வீட்டில் சொன்னார்கள், அவனே நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தான். எதுவும் முடியவில்லை, எல்லாம் கையிலேயே இருக்கிறது.

ஏழாவது மட்டும் வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. உடனே விசில் ஊதி அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கேலரியில் மேடம் டீ வாங்கி வைத்திருந்தார். மடியில் நந்தகோபாலின் நோட்டு.

"சொல்லு," என்றார். "எழுதிக்கிறேன்."

நந்தகோபால் டீயைத் தொடவில்லை. வேர்வையைத் துடைக்கவும் இல்லை.

"பாத்தீங்களா மேடம்? ஏழுக்கு ஆறு."

"ஏழில் ஆறு," என்று மேடம் எழுதினார்.

"நிக்க வேண்டிய இடம் எதுன்னு தானாத் தெரியுது. முன்னாடியெல்லாம் ஒரே அவசரம் இருக்கும். இன்னிக்கு அவசரமே இல்ல. அந்தப் பையன் ஓடி வந்தானே, அவன் வர்றதுக்குள்ள பந்து போயிடுச்சு. மூச்சுகூட வாங்கல. முட்டி இருக்கிற ஞாபகமே வரல மேடம். பாங்க்ல ஆடுற காலத்துலகூட இப்படி ஆடுனதில்ல."

மேடம் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் காத்து தள்ளிடுச்சு. இல்லன்னா ஏழும் விழுந்திருக்கும். கை மறக்கல. கத்துக்கிட்டது போகாது மேடம். இதை நான் முன்னாடியே…"

"பையன் எப்படி?"

"எந்தப் பையன்?"

மேடம் எழுதுவதை நிறுத்தினார்.

"ஓ, நவநீதனா. அவன்…" நந்தகோபால் யோசித்தான். பத்து நிமிடமும் கூடவே ஆடிய பையன். ஒரு காட்சியும் நினைவுக்கு வரவில்லை. "அவன் பெருசா ஒண்ணும் பண்ணல மேடம். பந்தைக் கொண்டாந்து குடுத்தான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். யாரையாவது அடித்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்கிறவரின் முகமாக இருந்தது அது. பிறகு கண்ணைத் திறந்து, "நவநீதா, இங்க வாப்பா," என்று கூப்பிட்டார்.

பையன் ஓடி வந்து படிக்குக் கீழே நின்றான். மேடத்தைப் பார்க்கவில்லை, நந்தகோபாலின் முகத்தைத்தான் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"சாருக்கு ஏன் எப்பவும் நிக்கிற இடத்துலயே பந்து குடுத்த?" என்று மேடம் கேட்டார். "ஓட விட்டுக் குடுக்க வேண்டியதுதானே?"

"சாருக்கு இடது முட்டி சரியில்லல்ல மேடம்."

"அதை உனக்கு யாரு சொன்னா?" நந்தகோபாலின் குரல் இறங்கியிருந்தது.

"யாரும் சொல்லல சார். சாக்குல ஷூ தேய்க்கையில பாத்தேன். இடது ஷூவ சும்மா தேச்சீங்க. வலது ஷூவத் தேய்க்கையில மட்டும் கம்பத்தப் பிடிச்சுக்கிட்டீங்க. அப்ப இடது கால்ல நிக்க முடியலன்னு தெரிஞ்சது. ஓட விட்டா எம்பணும், எம்புனா வலிக்கும். அதான் அந்த நெட்டை அண்ணன இடது பக்கமா ஓடச் சொன்னேன். எல்லாரும் அவரு பின்னாடி போயிட்டாங்க. உங்க மூலையில ஆளில்லாமப் போச்சு."

நந்தகோபால் கோர்ட்டைப் பார்த்தான். வலது மூலை காலியாகக் கிடந்தது.

"சார்," என்றான் பையன், தயங்கித் தயங்கி. "அந்த ஏழாவது பந்த நான் இடுப்புக்குக் கீழ குடுத்துட்டேன். நீங்க குனிஞ்சு எடுத்தீங்க, அதான் தவறிருச்சு. என் தப்புதான். அதையும் எழுதிக்கிறீங்களா சார்?"

"போய் ஆடுப்பா," என்றார் மேடம்.

பையன் போனான். சாக்கில் இரண்டு ஷூவையும் தேய்த்துவிட்டு உள்ளே ஓடினான். மைதானத்து வாசலில் பேச்சியம்மாள் இலைக்கட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நந்தகோபால் இரண்டு பேரையும் பார்த்தான். டீ ஆறி ஏடு படிந்திருந்தது.

"இருந்தாலும் மேடம்," என்றான். "அஞ்சடி ஆறு அங்குலம்."

"நீ?"

"ஆறடி ஒண்ணு."

"பத்து நிமிஷத்துல உன் உயரத்தை எதுக்காவது உபயோகிச்சியா?"

நந்தகோபால் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தான்.

"அங்க போய்த் தோத்துட்டா? கார்முகிலன் மாதிரி ஆயிட்டா?"

"தோக்கலாம். யாரும் தோக்கலாம்." மேடம் பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்தார். "கார்முகிலன் முப்பத்தெட்டு போட்டானே ஒரு நாள், அன்னிக்கு அவன்கூட ஆடுன மத்த நாலு பேரு எப்படி ஆடுனாங்க?"

நந்தகோபால் யோசித்தான். நன்றாக யோசித்தான். நான்கு பேரில் ஒருவனின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. இங்கே என்றால் நெட்டையையும் கண்ணாடியையும் வியாழக்கிழமை இருபது போட்டவனையும் கேட்காமலே சொல்லிவிடுவான். வெள்ளிக்கிழமை வாய் ஓயாமல் சொன்னதும் அதைத்தான்.

"ஞாபகமில்ல மேடம்."

"ம்," என்றார் மேடம். நோட்டை அவன் மடியில் போட்டார். "அறிக்கை எழுதியாச்சு. கையெழுத்துப் போடு."

அவன் படித்தான். மேடத்தின் சாய்ந்த கையெழுத்து. மேலே 'வீரர் பெயர்: நந்தகோபால்' என்று இருந்தது. கீழே சற்று முன்பு அவன் வாயாலேயே சொன்னதெல்லாம் வரிசையாக இருந்தது. ஏழில் ஆறு. நிற்க வேண்டிய இடம் தெரிகிறது. அவசரமே இல்லை. எதிராளி வருவதற்குள் பந்து போய்விடுகிறது. மூச்சு வாங்கவில்லை. முட்டியின் ஞாபகமே வரவில்லை. தொழில்முறை அணிக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைசி வரி மட்டும் மேடம் சேர்த்தது.

அவன் இன்னொரு தடவை படித்தான். காதுமடல் சுட்டது. கோர்ட்டில் யாரோ ஒரு பையன் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். நவநீதன் அதற்குள் திரும்பித் தன் பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

"பேரு தப்பா இருக்கு மேடம்," என்றான் நந்தகோபால்.

மேடம் மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அப்ப திருத்து," என்றார். "திருத்திட்டு நீயே போய் அந்த அம்மாகிட்டச் சொல்லு. எவ்வளவு நேரந்தான் வெயில்ல நிப்பாங்க."